பாலாற்று வழக்கும் காட்பாடி உறுப்பினரும்

வேலூரில் வக்கீல் தொழில் பார்க்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பி.எல். படித்துவிட்டு அரசியலுக்குப் போன ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவர் எத்தனை வழக்கு நடத்தினார்?" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள். தி.மு.க.வின் மூத்தவர்களில் ஒருவரான துரைமுருகன் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு அதிக அர்த்தம் இல்லை என்பது என் கருத்து. அவருடைய வாழ்க்கையில் வந்த பெரிய வழக்குகள் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் நடந்தவை அல்ல. காவிரி, முல்லைப் பெரியாறு, பாலாறு என்று தமிழ்நாடு அரசே ஒரு தரப்பாக நின்ற வழக்குகள் அவை. அவற்றில் அவர் கறுப்புக் கோட்டுடன் வாதாடவில்லை; வழக்கு எந்தத் துறையைச் சேர்ந்ததோ அந்தத் துறையின் அமைச்சராக இருந்தார். சட்டம் படித்த ஒருவர் சட்டமன்றத்தில் அரை நூற்றாண்டு இருந்தால் அந்தப் படிப்பு எங்கே பயன்படுகிறது, எங்கே கைவிட்டுவிடுகிறது என்பதை எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். நான் அவருடைய கட்சிக்காரன் அல்ல, எதிர்க்கட்சிக்காரனும் அல்ல. காட்பாடித் தொகுதி வாக்காளன், அவ்வளவே.

தேர்தல் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 1938 சூலை 1 அன்று காட்பாடிக்கு அருகிலுள்ள காங்குப்பம் கிராமத்தில் பிறந்த துரைமுருகன், 1971இல் காட்பாடியிலிருந்து முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1977, 1980 ஆகிய இரு தேர்தல்களில் இராணிப்பேட்டையில் வென்றார். 1984இல் அமைந்த அவையில் அவர் இல்லை. 1989இல் மீண்டும் காட்பாடியில் வென்றார், தி.மு.க.வுக்கு மாநிலம் முழுவதும் இரண்டே இடங்கள் கிடைத்த 1991 தேர்தலில் தோற்றார். 1996 தொடங்கி 2021 வரை ஆறு தேர்தல்களிலும் காட்பாடி அவரை விடவில்லை. ஆக மொத்தம் பத்து முறை. பொதுப்பணித் துறை, சட்டத் துறை, நீர்வளத் துறை, கனிம வளம் என்று அமைச்சர் பொறுப்புகள். எதிர்க்கட்சியாக இருந்த காலத்தில் சட்டமன்றக் கட்சித் துணைத் தலைவர். 2020 செப்டம்பரில் கட்சியின் பொதுச்செயலாளர். 2021இல் அவை முன்னவர், அதாவது அவையில் அரசுத் தரப்பு அலுவலை முன்னின்று நடத்துபவர்.

அவர் படிப்பதற்கு எம்.ஜி.ஆர். உதவினார் என்பதை அவரே பல மேடைகளில் குரல் தழுதழுக்கச் சொல்லியிருக்கிறார். 1972இல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியபோது, அந்த நன்றியையும் மீறிக் கலைஞரோடு நின்றுவிட்டதையும் அவரே சொல்வார். எங்கள் ஊர்ப் பக்கம் இந்தக் கதையை விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்களும் உண்டு, நன்றிகெட்ட செயலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்களும் உண்டு. சொல்கிறவர் எந்தக் கட்சிக் கரை வேட்டி கட்டியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

இந்தத் தேர்தல் கணக்கில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அவர் உறுப்பினராக இருந்த முதல் நான்கு அவைகளில் ஒன்றுகூடத் தன் ஆயுளை முழுதாக வாழவில்லை. 1971இல் அமைந்த அவை, ஐந்தாண்டு முடியச் சில வாரங்களே இருக்கும்போது, நெருக்கடி நிலைக் காலத்தில் 1976 சனவரி 31 அன்று மாநில ஆட்சியை நீக்கிக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவர இடம் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 356ஆவது பிரிவின் கீழ் கலைக்கப்பட்டது. 1977இல் அமைந்த அவையை 1980 பிப்ரவரியில் அதே பிரிவு முடித்துவைத்தது; அப்போது கலைக்கப்பட்டது எம்.ஜி.ஆர். ஆட்சி. 1980 அவை, நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்துத் தேர்தல் நடத்துவதற்காக 1984 இறுதியில் முன்கூட்டியே கலைந்தது. 1989இல் அவர் முதன்முறையாக அமைச்சரானார். 1991 சனவரி 30 அன்று மறுபடியும் 356. எஸ்.ஆர். பொம்மை வழக்கில் 1994 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவுக்குக் கடிவாளம் போட்ட பிறகுதான், பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதை ஆளுநர் மாளிகையில் அல்ல, அவைக்குள்ளேயே பார்க்க வேண்டும் என்பது நிலைபெற்றது. அதற்குப் பிறகு அவர் இருந்த அவைகள் எதுவும் அப்படிக் கலைக்கப்படவில்லை. சட்டக் கல்லூரியில் 356ஐத் தேர்வுக்காகப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அந்தப் பிரிவால் மூன்று முறை பதவியிழந்து, ஒவ்வொரு முறையும் ஊருக்குத் திரும்பி வந்து மறுபடி ஓட்டுக் கேட்க நேர்ந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மாநில உரிமை என்று அவர் தலைமுறைக்காரர்கள் மேடையில் பேசும்போது வருகிற கோபத்தை வெறும் பேச்சுத்திறன் என்று தள்ளிவிடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அவையில் அவருக்கு வாய்த்த பெயர் நகைச்சுவைக்கானது. கேள்வி நேரத்தில் உறுப்பினர் ஒருவர் தன் தொகுதிக்குத் தடுப்பணை கேட்பார். துரைமுருகன் எழுந்து ஏதோ ஒன்றைச் சொல்ல, கேட்டவர் உட்பட இரு பக்கமும் சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள் பதில் முடிந்திருக்கும். 2022 சனவரியில் கேள்வி நேரம் நேரலையாக வரத் தொடங்கிய பிறகு இதைப் பலரும் வீட்டிலிருந்தே பார்த்துப் பழகிவிட்டார்கள். ஆனால் தடுப்பணை கிடைத்ததா என்று யோசித்துப் பார்த்தால், பல நேரங்களில் "நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்" என்ற பழைய பதில்தான் சிரிப்புக்குள் பொதிந்து வந்திருக்கும். குறுக்கு விசாரணையில் கெட்டிக்கார சாட்சிகள் செய்வதும் இதுவே: கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லாமல், கேட்டதைக் கொடுக்காமலும் கூண்டை விட்டு இறங்கிவிடுவது. இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. அமைச்சர் அவையில் கொடுக்கும் வாக்குறுதிகளைப் பின்தொடர்வதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. "செய்து தரப்படும்" என்று வாய்தவறிச் சொன்ன ஒரு சொல் அந்தக் குழுவின் ஏட்டில் ஏறிவிட்டால், துறைச் செயலாளர் ஆண்டுக்கணக்கில் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

நான் தொழில் பழகிய மூத்த வக்கீல் ஒருவர், இளையவர்களை அவைக்குறிப்பு படிக்கச் சொல்வார். அவருடைய அலுவலகத்தில் ஏ.ஐ.ஆர். தீர்ப்புத் தொகுதிகளுக்குக் கீழ்த்தட்டில் பழைய சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் சில, பழுப்பேறி, ஓரம் பொடியாக உதிர்ந்துகொண்டு கிடந்தன. "இதையெல்லாம் கோர்ட்டுல சாட்சியமா வைக்க முடியுமா சார்?" என்று ஒருநாள் கேட்டேன். "வைக்கிறதுக்கு இல்லப்பா, பேசக் கத்துக்கிறதுக்கு. ஒழுங்குப் பிரச்சினை கிளப்புறவன் விதி எண்ணை மொதல்ல சொல்றான் பாரு, அப்புறம்தான் விஷயத்துக்கு வர்றான். நீ மனு போட்டா விஷயத்தை மூணு பக்கம் எழுதிட்டு, எந்தப் பிரிவுன்னு கடைசில தேடுற" என்றார். சட்டம் படித்தவர்கள் அவையில் தனித்துத் தெரிவது இந்த இடத்தில்தான். கவன ஈர்ப்புத் தீர்மானமாகக் கொடுத்தால் அமைச்சரிடமிருந்து ஓர் அறிக்கை வரும். ஒத்திவைப்புத் தீர்மானம் என்றால் அன்றைய அலுவலையே நிறுத்தச் சொல்கிறோம். மானியக் கோரிக்கையின்போது வெட்டுத் தீர்மானம் கொடுத்தால் பணத்தை வைத்துக் கொள்கையைக் கேள்வி கேட்கலாம். ஒரே குறையை எந்த வாசல் வழியாக உள்ளே கொண்டுபோவது என்று தெரிந்திருப்பது பாதி வேலை. ஆளுங்கட்சியாக இருக்கும்போது இந்த அறிவு பெரிதாகத் தேவைப்படாது. 2011இல் தி.மு.க. இருபத்து மூன்று உறுப்பினர்களோடு, எதிர்க்கட்சித் தகுதிகூட இல்லாமல், தே.மு.தி.க.வுக்குப் பின்னால் உட்கார நேர்ந்தபோதும், 2016இல் 89 பேரோடு எதிர்க்கட்சியாக உட்கார்ந்தபோதும், துணைத் தலைவராக இருந்த அவருக்கு விதிப்புத்தகம்தான் ஆயுதம்.

அவைக்குள் பேசியதற்காக ஓர் உறுப்பினர்மீது வழக்குப் போட முடியாது என்று 194ஆவது பிரிவு சொல்கிறது. அவை நடவடிக்கையில் நடைமுறைப் பிழை என்று காரணம் காட்டி நீதிமன்றம் தலையிட முடியாது என்கிறது 212. இந்தச் சுதந்திரம் எந்த அளவுக்குத் தவறாகவும் போகும் என்பதற்கு 1989 மார்ச் 25 சாட்சி. அன்று நிதிநிலை அறிக்கையின்போது அவையில் நடந்த கைகலப்பில், அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா துரைமுருகன்மீது குற்றம் சாட்டினார். அவர் அதை மறுத்தார். இன்றுவரை இரு தரப்பும் இரு விதமாகச் சொல்கின்றன. என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்ற வரலாற்றில் அது ஒரு கறுப்பு நாள் என்பதில் மட்டும் இரண்டு கருத்து இருக்க முடியாது.

சட்டமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே வக்கீலாகத் தொழில் செய்யலாமா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. செய்யலாம். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பார் கவுன்சில் விதி, முழுநேரச் சம்பளக்காரர்களைத்தான் தடுக்கிறது, மக்கள் பிரதிநிதி யாருடைய சம்பளக்காரரும் அல்ல.

இனி தண்ணீருக்கு வருகிறேன். இந்த மனிதரின் வாழ்க்கையில் எழுதத் தகுந்தது இதில்தான் இருக்கிறது.

பொதுப்பணித் துறை என்றால் ஊர்க்காரர்களுக்கு ஏரிக்கரை, மதகு, தடுப்பணை. அமைச்சரின் மேசையில் அது வேறு உருவம் எடுக்கிறது. துரைமுருகன் முதன்முறையாக அந்தத் துறையை வைத்திருந்த 1989–91 காலத்தில், காவிரி வழக்கு ஒரு திருப்பத்தை அடைந்தது. நடுவர் மன்றம் அமைக்கும்படி தமிழ்நாடு 1986இலேயே மத்திய அரசைக் கேட்டிருந்தது. விவசாயிகள் சங்கம் ஒன்று அதற்கும் முன்பே உச்ச நீதிமன்றம் போயிருந்தது. 1990 மே 4 அன்று, ஒரு மாதத்துக்குள் நடுவர் மன்றத்தை அமைக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட, வி.பி. சிங் அரசு சூன் 2 அன்று அமைத்தது. அந்த மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5 அன்று வந்தபோதும் துறை அவரிடம்தான் இருந்தது. இடையில் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. கர்நாடகம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தர வேண்டிய தண்ணீர் 192 டி.எம்.சி. என்றது அந்தத் தீர்ப்பு. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது.

முல்லைப் பெரியாறு இதைவிடச் சுவையான வழக்கு. 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை. 2006 பிப்ரவரி 27 அன்று, நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குச் சாதகமாகச் சொன்னது. சில நாட்களிலேயே கேரளச் சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டத்தை நிறைவேற்றி, 136 அடிக்கு மேல் தேக்கக் கூடாது என்று போட்டது. மே மாதம் ஆட்சி மாறித் துரைமுருகன் அமைச்சராக வந்தபோது கையில் இருந்தது ஒரு வெற்றித் தீர்ப்பும், அதைச் செல்லாததாக்க முயலும் ஒரு சட்டமும். நீதிமன்றம் சொன்ன ஒன்றைச் சட்டமன்றம் சட்டம் போட்டு மாற்றலாமா என்ற கேள்வி, பாடப் புத்தகத்தில் வருகிற மாதிரி அப்படியே வந்து நின்றது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தக் கேரளச் சட்டம் செல்லாது என்றது. அதற்குள் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியிருந்தது. 142 அடிக்குத் தண்ணீர் தேக்கிய பெருமை வேறு ஆட்சிக்குப் போனது. வழக்கைத் தாக்கல் செய்கிறவர் ஒருவர், நடத்துகிறவர் ஒருவர், தீர்ப்பு வாங்குகிறவர் ஒருவர். மாநிலங்களுக்கு இடையிலான தண்ணீர் வழக்குகள் எல்லாமே இப்படித்தான். இவற்றில் யார் சாதித்தார் என்று கட்சிகள் போடுகிற சண்டையைப் பார்க்கும்போது, மேல்முறையீட்டில் வென்றதற்கு மூன்று தலைமுறை வக்கீல்களும் ஃபீஸ் கேட்பது நினைவுக்கு வருகிறது.

பாலாறு இவற்றில் சேராது. அது எங்கள் வீட்டு வழக்கு. கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றி, அங்கே 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ. ஓடி, புல்லூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா வழியாக 222 கி.மீ. கடந்து வயலூரில் கடலைத் தொடுவதாகக் கணக்கு. வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே பாலத்தின்மேல் போகிறவர்கள் ஆண்டில் பெரும்பகுதி கீழே பார்ப்பது சீமைக் கருவேலம், கோரைப்புல், மேயும் எருமை, சாக்கடை நீர் தேங்கிய ஒரு கோடு. 2021 நவம்பரில் ஆறு இரு கரையும் தொட்டு வந்தபோது, பாலத்தின்மேல் பைக்கை நிறுத்திவிட்டு ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. 1903இல் வாணியம்பாடியை வாரிச் சுருட்டிக்கொண்டு போன ஆறு இதுதானா என்று அப்போதுதான் பலருக்கு நம்பிக்கை வந்தது. விரிஞ்சிபுரத்துத் தரைப்பாலத்துக்கு என்ன ஆயிற்று என்பதை அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த ஆற்றுக்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. 1892 பிப்ரவரியில் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்டது. காவிரிக்குச் செய்ததாகவே பலரும் நினைக்கிறார்கள். அதன் அட்டவணையில் பாலாறும் இருக்கிறது: சென்னையின் சம்மதம் இல்லாமல் மேலே புதிய பாசன வேலை எதுவும் செய்யக் கூடாது. ஆந்திரம் குப்பம் அருகே கணேசபுரத்தில் அணை கட்டப் போகிறது என்ற செய்தி வந்ததும், 2006இல் தமிழ்நாடு 131ஆவது பிரிவின் கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2016இல் புல்லூர்த் தடுப்பணையின் உயரத்தை ஆந்திரம் 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தியபோது மறுபடியும் போனது. முதல் வழக்குப் போட்ட ஆண்டின் மே மாதத்தில் அவர் அமைச்சரானார், இரண்டாவது வழக்குப் போட்டபோது எதிர்க்கட்சித் துணைத் தலைவர்.

வக்கீல் கண்ணோடு பார்த்தால் இந்த வழக்கில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவை சென்னையும் மைசூரும். ஆந்திரம் என்ற மாநிலம் அப்போது கிடையாது. 1892இல் குப்பம் பகுதி, கங்குந்தி ஜமீன் என்ற பெயரில், வட ஆர்க்காடு மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. மாவட்டத்தின் தலைநகர் சித்தூர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகி, வேலூர் வட ஆர்க்காட்டின் தலைநகரானது. 1953இல் சித்தூர் ஆந்திரத்தோடு போனது. அதாவது, ஒப்பந்தத்தால் காக்கப்பட வேண்டிய தரப்பாக இருந்த அதே மண்ணில்தான், ஒப்பந்தத்தை மீறுகிறது என்று நாம் சொல்லும் அணை எழுகிறது. மாகாணம் உடைந்த பிறகு அதன் உரிமை யாருக்கு, கடமை யாருக்கு என்ற கேள்வியில் எதிர்த்தரப்பு நிச்சயம் நின்று விளையாடும். இரண்டாவது முடிச்சு 262ஆவது பிரிவு. நதிநீர்த் தகராறு என்று வந்துவிட்டால் நீதிமன்றத்தின் கையைக் கட்டி, நடுவர் மன்றத்துக்குப் போ என்று சொல்ல 1956ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழ்நாடு போனபோது, 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதைத்தான் சொல்லி அனுப்பியது. ஒப்பந்த மீறல் என்ற கோட்டுக்குள்ளேயே வழக்கை நிறுத்தி வைப்பது நம் தரப்புக்கு எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து தெரியும்.

வழக்குக் காகிதம் ஒருபுறம் இருக்க, ஆற்றுக்கு நம் பக்கத்திலேயே நடந்தவற்றை மறைத்துவிட்டு எழுதினால் அது நேர்மையாகாது. 2003இல் மணல் குவாரிகளை அரசே நடத்துவதென்று முடிவாகி, அந்தப் பொறுப்பு பொதுப்பணித் துறைக்கு வந்தது. ஆற்றைக் காக்க வேண்டிய துறைக்கே ஆற்று மணலை விற்கும் வேலையும் கொடுக்கப்பட்டது. அந்த முடிவை எடுத்தது அ.தி.மு.க. ஆட்சி, பிறகு வந்த தி.மு.க. ஆட்சிகளும் அதை மாற்றவில்லை. 2021இல் நீர்வளத் துறையைத் தனியாகப் பிரித்து, கனிம வளத்தையும் சேர்த்துத் துரைமுருகனிடமே கொடுத்தபோது, அணையும் மணலும் ஒரே கையில் இருப்பது இன்னும் வெளிச்சமாகத் தெரிந்தது. சட்டம் படித்த, அவ்வளவு காலம் நீர்ப் பிரச்சினையை விரல் நுனியில் வைத்திருந்த ஒருவர் அந்த முரணை அவையில் ஒருமுறையாவது அழுத்தமாக எடுத்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஆற்று ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கசக்கால்வாய்கள் வற்றிப்போனதைப் பற்றிப் பேசும் விவசாயி, ஆந்திரத்தைத் திட்டுகிற அதே மூச்சில் லாரிகளையும் திட்டுவதை நீங்கள் மேல்பாடிப் பக்கம் போனால் கேட்கலாம்.

தோல் கழிவு தனிக் கதை. அது அவருடைய துறையும் அல்ல. அவர் இரண்டாம் முறை பொதுப்பணி அமைச்சரான 1996ஆம் ஆண்டின் ஆகஸ்டு 28 அன்றுதான், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியது என்று தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் வேலூர் என்ற பெயர் இதனால்தான் தெரியும். 2025 சனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக அதே கொள்கையை மறுபடி எடுத்துச் சொல்லி, உத்தரவு நிறைவேறுகிறதா என்று தானே கண்காணிக்கப்போவதாகச் சொல்ல வேண்டியிருந்தது.

தொகுதியின் தேர்தல் அரசியலைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்லிவிட்டுத் தண்ணீருக்கே திரும்புகிறேன். 2019 ஏப்ரலில், துரைமுருகனின் மகன் கதிர் ஆனந்த் போட்டியிட்ட வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில், பெருந்தொகை ரொக்கம் கைப்பற்றப்பட்டதைக் காரணம் காட்டி, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு தேர்தல் ரத்து செய்யப்பட்டது. ஆனால் அதே தொகுதிக்குள் அடங்கிய ஆம்பூர், குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் ஏப்ரல் 18 அன்று திட்டமிட்டபடி நடந்தன. அந்த இடைத்தேர்தல்கள் வந்ததும் சட்டத்தால்தான்: 2017 செப்டம்பரில் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்த பதினெட்டு அ.தி.மு.க. உறுப்பினர்களில் ஆம்பூர், குடியாத்தம், சோளிங்கர் என்று மூவர் எங்கள் பழைய மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு எழுதி, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கத்தை உறுதி செய்தார். ஒரே ஊரில் ஒரு தேர்தல் உண்டு, ஒரு தேர்தல் இல்லை என்ற நிலையில் வாக்குச்சாவடிக்குப் போன குடியாத்தத்துக்காரர்களின் குழப்பத்தை நான் நேரில் பார்த்தேன். ரத்தான தேர்தல் ஆகஸ்டில் நடந்தது. கதிர் ஆனந்த் 8,141 வாக்குகளில் வென்றார்.

இரண்டாவது, 2021. மே 2 அன்று மாநிலம் முழுவதும் தி.மு.க. முன்னணியில் போய்க்கொண்டிருக்க, காட்பாடியில் சுற்றுக்குச் சுற்று துரைமுருகன் பின்தங்கிக்கொண்டே இருந்தார். டீக்கடைத் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் அவர் தோற்றுவிட்டார் என்றே வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் 746 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சொத்து வழக்குகளில் அவரைக் கீழமை நீதிமன்றம் விடுவித்திருந்ததை, 2025 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த மாதமே அமைச்சரவை மாற்றத்தில் கனிம வளம் கைமாறி, சட்டத் துறை அவரிடம் மீண்டும் வந்தது. வழக்கின் தகுதியைப் பற்றிச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. அந்த இரண்டு செய்திகளும் அடுத்தடுத்து வந்தபோது வக்கீல்கள் சங்கத்தில் நடந்த விவாதத்தை மட்டும் இங்கே எழுதாமல் விடுகிறேன்.

2024 பிப்ரவரியில் அப்போதைய ஆந்திர முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி குப்பத்தில் பாலாற்றின் குறுக்கே 215 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். உடனே நீர்வளத் துறை அமைச்சராகத் துரைமுருகன் வெளியிட்ட கண்டன அறிக்கையைப் படித்தேன். வசவு இல்லை, நகைச்சுவையும் இல்லை. 1892 ஒப்பந்தம், 2006 வழக்கு, 2016 வழக்கு, நிலுவையில் இருக்கும்போது கட்டுவது முறையல்ல என்பது என்று, பிராதில் பத்தி பத்தியாக எழுதுகிற அதே ஒழுங்கு. அவருடைய மேடைப் பேச்சு அனைத்தையும்விட அந்த அறிக்கையில்தான் நான் அவருடைய பி.எல்.ஐப் பார்த்தேன்.

அந்தச் செய்தி வந்த நாளிதழை மேசைமேல் பார்த்துவிட்டு, வாய்க்கால் வழித்தகராறு ஒன்றுக்காக என்னிடம் வந்திருந்த பெரியவர் கேட்டார்: "இந்தப் பாலாத்துக் கேஸு இன்னா சார் ஆச்சு? இன்னும் வாய்தாலதான் கீதா?" ஆமாம் என்றேன். 131 என்றால் என்ன, 262 என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த எளிமையில் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவருடைய சொந்த வழக்கில் நீதிமன்றம் அனுப்பிய கமிஷனர் சித்திரை மாதத்தில் வந்து, காய்ந்து கிடந்த வாய்க்காலை அளந்துவிட்டு, தண்ணீர் பாய்ந்ததற்கான அடையாளம் இல்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதற்கு ஆட்சேபம் எழுதத்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். "பெரிய கோர்ட்லயும் கமிஷனர் அனுப்புவாங்கதானே சார்?" என்றார். தேவைப்பட்டால் அனுப்பலாம் என்றேன்.

"அப்படின்னா அமைச்சராண்ட ஒரு வார்த்த சொல்லிவையுங்க. ஐப்பசி, கார்த்திகைல வரச் சொல்லணும்."